டிராக்டரிலும் லாரியிலும் ஒரே டீசல் அடிட்டிவை ஊற்றலாமா?

ஏர்முனை:

வணக்கம். இத்தனை நாளாக இங்கே படிப்பதோடு சரி. இன்று கேட்டே ஆக வேண்டிய நிலை.

என்னிடம் இரண்டு வண்டிகள். ஒன்று 45 குதிரைத்திறன் டிராக்டர், மூன்று சிலிண்டர், பழைய இன்லைன் பம்பு, வாங்கி 19 ஆண்டு ஆகிறது. இன்னொன்று மூன்று ஆண்டுக்கு முன் எடுத்த ஆறு சக்கர லாரி. காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் அமைப்பு), டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி), யூரியா டேங்க் எல்லாம் உண்டு.

உழவு இல்லாத நான்கு மாதமும் டிராக்டர் கொட்டகையில் நின்றது. டேங்கில் கால் பாகம் டீசல் இருந்தது. இப்போது எடுத்தால் காலையில் ஐந்து நிமிடம் வெள்ளைப் புகை, அப்புறம் அது அடங்கிவிடும். ஆனால் ரோட்டவேட்டரை இறக்கி அரை மணி நேரம் ஓட்டினால் இழுவை மெல்ல மெல்லக் குறைகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்கத் தள்ளினாலும் ஏறுவதில்லை. நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு எடுத்தால் மறுபடி இழுக்கிறது. 60 மணி நேர ஓட்டத்துக்குள் இரண்டு டீசல் ஃபில்டர் மாற்றிவிட்டேன். கழற்றிய ஃபில்டரின் தாள் மடிப்புகளில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. விரலில் எடுத்தால் வழவழவென்று நூலாக வருகிறது.

உதிரிபாகம் விற்பவர் ஒரு லிட்டர் அடிட்டிவ் (டீசலில் கலக்கும் மருந்து) கேன் ஒன்றைக் கொடுத்தார். லிட்டருக்கு ஒரு மில்லி ஊற்றினால் போதும், சீட்டேன் (டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று காட்டும் எண்) கூடும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சுத்தமாகும், டேங்கில் உள்ள தண்ணீரை எடுத்துவிடும், டீசல் பத்து சதவீதம் மிச்சமாகும் என்கிறார். பக்கத்து வயல்காரர் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தால் போதும் என்கிறார். இன்னொருவர் மண்ணெண்ணெய் என்கிறார். இரண்டு வண்டியிலும் ஒரே கேனை ஊற்றலாமா? லாரி நன்றாகத்தான் ஓடுகிறது, அதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

நெடுஞ்சாலை:

நான் சொந்த லாரி ஓட்டுகிறேன். இரண்டு ஆண்டாக ஒவ்வொரு முழு டேங்குக்கும் அடிட்டிவ் ஊற்றுகிறேன். ஊற்றிய நாளில் பிக்அப் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், இன்ஜின் சத்தமும் கொஞ்சம் மென்மையாகும். கெடுதல் எதுவும் வரவில்லை. தாராளமாக ஊற்றுங்கள்.

பம்ப்பெஞ்ச்:

ஏர்முனை தம்பி, அந்தக் கேனை மூடி ஓரமாக வையுங்கள். இப்போதைக்கு எதிலும் ஊற்ற வேண்டாம்.

27 ஆண்டுகளாக டீசல் பம்பும் நாசிலும் (இன்ஜெக்டரின் தெளிப்பு முனை) மட்டும்தான் என் தொழில். நீங்கள் எழுதியதில் புகையைவிட என் கண்ணில் முதலில் பட்டது, "பத்து நிமிடம் விட்டு எடுத்தால் மறுபடி இழுக்கிறது" என்ற வரி. தேய்ந்த பம்பு பத்து நிமிட ஓய்வில் தேறாது. டேங்கின் அடியில் கிடக்கும் ஏதோ ஒன்று, டீசலை உறிஞ்சும்போது குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று அது நழுவி விழுகிறது. ஃபில்டரில் நூலாக வந்த வழவழப்பும் அதையேதான் காட்டுகிறது.

ஒரு வேலை செய்யுங்கள். இரவு முழுக்க டிராக்டர் அசையாமல் நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், டேங்கின் அடிப் பிளக்கைத் தளர்த்தி முதலில் வருவதை ஒரு லிட்டர் அளவுக்கு, உலர்ந்த கண்ணாடி ஜாடியில் பிடியுங்கள். மேலாக இருக்கும் டீசலை எடுத்தால் பயனில்லை. தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில்தான் கிடக்கும். ஜாடியை ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல டீசல் என்றால் ஜாடிக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடியும். மங்கலாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அடியில் தனியாகக் கோடு பிரிந்து நின்றால் அது தண்ணீரேதான்.

"தண்ணீரை எடுத்துவிடும்" என்று அவர் சொன்னாரே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பெஞ்சுக்கு வந்த சேதங்களில் நிறைய இதனால்தான். அப்படி எழுதியிருக்கும் அடிட்டிவில் இரண்டு சாதி உண்டு. ஒன்று தண்ணீரைப் பிரித்துக் கீழே தள்ளும். தண்ணீரைப் பிடிக்கும் செப்பரேட்டரின் கிண்ணத்தில் தண்ணீர் சேரும், நீங்கள் திறந்துவிடலாம். மற்றது ஆல்கஹாலோ சோப்பு போன்ற பொருளோ சேர்த்தது. அது தண்ணீரைப் பொடிப்பொடித் துளிகளாக டீசலோடு கலந்துவிடும். பார்க்க டேங்கில் தண்ணீர் காணாமல் போனதுபோல இருக்கும். உண்மையில் அந்தத் தண்ணீர் செப்பரேட்டரை ஏமாற்றிவிட்டு, ஃபில்டரையும் தாண்டி, பம்புக்குள் போகிறது. ஒரு கைப்பிடித் தண்ணீர் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் டேங்கில் இதை ஊற்றினால் என்ன ஆகும்?

ஒரு முறை இப்படித்தான் ஒரு பம்பு என்னிடம் வந்தது. ஊற்றி ஒரு வாரம் ஓட்டிவிட்டு, மழைக்காக இருபது நாள் நிறுத்தியிருக்கிறார்கள். பிளஞ்சரை (பம்புக்குள் டீசலை அழுத்தும் தண்டு) வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிபோல மின்ன வேண்டிய இடத்தில் கடுகு கடுகாகத் துருப்புள்ளிகள், அவற்றிலிருந்து கீழ்நோக்கி மயிரிழைபோலக் கீறல்கள். பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஒரு துருத்துணுக்கு போதும். நாசிலையும் பிரித்தேன். உள்ளே இருக்கும் ஊசியை, அதாவது நீடிலை, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, நாசிலைச் சாய்வாகப் பிடித்துவிட்டால் நீடில் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். அன்று பழுப்பு நிறப் பசை பிடித்து அப்படியே நின்றது, தட்டினாலும் இறங்கவில்லை. மூன்று பிளஞ்சர், மூன்று நாசில், எல்லாம் புதிதாகப் போட வேண்டி வந்தது. அந்த மனிதரின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது.

அதனால் முதலில் ஜாடி. பார்த்ததை எழுதுங்கள், அப்புறம் லாரிக்கு வருவோம்.

ஏர்முனை:

ஐயா, சொன்னபடியே செய்தேன். ஜாடியின் அடியில் ஒன்றரை விரல் உயரத்துக்குத் தண்ணீர், கலங்கல் டீ நிறத்தில். மேலே டீசல். இரண்டுக்கும் நடுவில் பழுப்பாக ஓர் ஏடு, பால் காய்ச்சி ஆறினால் படியுமே அதுபோல. குச்சியால் தூக்கினால் கிழியாமல் தொங்குகிறது. நாற்றம் டீசல் நாற்றம் இல்லை, அழுகிய நாற்றம். இது என்ன? பத்தொன்பது ஆண்டாக இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

டேங்க்காவல்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எந்திரங்கள் நிற்கும் யார்டு ஒன்றில் 10,000 லிட்டர் டீசல் டேங்கைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஏடு எனக்குப் பழக்கமானது.

அது உயிருள்ள பொருள். பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து வளர்ந்தது. தண்ணீரும் டீசலும் தொடும் அந்தக் கோட்டில்தான் குடியிருக்கும். குடிக்கத் தண்ணீர் கீழே, தின்ன டீசல் மேலே. இதில் பேர்போன பூஞ்சை ஹார்மோகோனிஸ் ரெசினே. விமான எரிபொருள் டேங்குகளிலும் இதே தொல்லை உண்டு. வளரும்போது அமிலத்தை விடும், டேங்கின் அடித்தகடு அரிக்கும். பயோடீசல் கலந்த டீசல் தண்ணீரைக் கூடுதலாக இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் நின்றுகிடக்கும் வண்டிகளில் இது இன்னும் வேகமாகப் பரவுகிறது. கால் டேங்கோடு நான்கு மாதம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி முக்கால் பாகமும் காற்று. பகலில் சூடாகி வெளியே போகும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்று உள்ளே வரும், தகட்டில் வியர்த்து வடியும். தண்ணீர் வந்த வழி இதுவாக இருக்கலாம், மூடியின் ரப்பரையும் பார்த்துவிடுங்கள்.

இதற்கென்றே உயிர்க்கொல்லி மருந்து, அதாவது பயோசைடு, தனியாக விற்கிறார்கள். உங்களிடம் உள்ள கேனில் பயோசைடு என்று எழுதியிருக்காவிட்டால் அது இந்த ஏட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் நேராகப் போய் மருந்தை ஊற்றிவிடாதீர்கள். நான் முதல் முறை செய்த தவறு அது. எல்லாம் செத்தது, செத்ததெல்லாம் பெயர்ந்து வந்து ஃபில்டரை அடைத்தது. ஒரே நாளில் ஐந்து ஃபில்டர். தண்ணீரை இறக்கி, கசடை வழித்துக் கழுவிய பிறகு, மிச்சம் ஒட்டியிருப்பதைக் கொல்லத்தான் மருந்து. கேனில் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது, போட்டபின் சொன்ன நேரம் வரை அப்படியே விட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் அந்தக் கேனைத் திறக்காதீர்கள். சில வகைகள் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒரு முறை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் தடிக்கும். இறக்கிய தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்ற வேண்டாம், கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பம்ப்பெஞ்ச்:

டேங்க்காவல் சொன்னதில் நான் சேர்க்க ஒன்றுதான். டேங்கைக் கழற்றிக் கழுவுவது சின்ன வேலை, சோம்பல் படாதீர்கள். உள்ளே இருக்கும் வலை, உறிஞ்சு குழாய், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பு வரை உள்ள ஹோஸ் எல்லாவற்றையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அந்த ஏட்டில் ஒரு துண்டு ஹோஸ் வளைவில் மிச்சம் இருந்தாலும் மறுபடி இதே கதைதான். கழுவிய டேங்க் ஓட்டையாக இருக்கிறது என்று வெல்டிங்குக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள், உள்ளே ஆவி நிற்கும்.

இனி லாரி. அதில் தொல்லை இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அடிட்டிவ் எதற்கு என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், பங்க்கில் வாங்கும் டீசலிலேயே அடிட்டிவ் கலந்துதான் வருகிறது. கந்தகத்தை எடுப்பதற்காகச் சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனோடு சேர்த்துப் பதப்படுத்தும்போது, டீசலுக்கு இயல்பாக இருந்த வழுக்கும் குணமும் போய்விடுகிறது. ஐரோப்பிய டீசலில் கந்தகம் இப்போது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), அமெரிக்காவில் 15. அவ்வளவு குறைந்த டீசலை அப்படியே விட்டால் பம்பு தேய்ந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பம்புகள் தேய்ந்து போய்த்தான் இந்தப் பாடம் கிடைத்தது. அதனால் ஆலையிலேயே வழுக்குப் பொருளைச் சேர்த்துவிடுகிறார்கள். அதைச் சோதிக்க ஒரு முறை உண்டு: 60 டிகிரிச் சூட்டு டீசலில் மூழ்கிய தகட்டின்மேல் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 75 நிமிடம் உராய விட்டு, குண்டில் விழுந்த தழும்பை நுண்ணோக்கியில் அளப்பார்கள். ஐரோப்பிய அளவுகோலில் அது 460 மைக்ரானுக்குள், அமெரிக்க அளவுகோலில் 520க்குள் இருக்க வேண்டும். நல்ல பங்க்கில் வாங்கும் டீசல் இந்தச் சோதனையைத் தாண்டியதுதான். பயோடீசல் ஒன்றிரண்டு சதவீதம் கலந்திருந்தாலே வழுக்கும் குணம் நன்றாகக் கூடிவிடும்.

சீட்டேன் விஷயமும் இதேபோலத்தான். சீட்டேனைக் கூட்ட இந்தக் கேன்களில் பெரும்பாலும் இருப்பது எத்தில் ஹெக்சில் நைட்ரேட். (அதன் ஆவியை மூக்கருகே வைத்து முகர்ந்தால் தலைவலி நிச்சயம், காற்றோட்டமான இடத்தில் ஊற்றுங்கள்.) ஐரோப்பிய அளவுகோலில் சீட்டேன் குறைந்தது 51, அமெரிக்காவில் 40. நாற்பதை ஒட்டிய டீசலில் குளிர்காலையில் ஊற்றினால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும், வெள்ளைப் புகை குறையும், சத்தம் தணியும். நெடுஞ்சாலைத் தம்பி உணர்ந்த மென்மை அதுவாக இருக்கலாம், நான் மறுக்க மாட்டேன். ஆனால் 51 உள்ள டீசலில் இன்னும் நாலு எண் கூட்டினால் சக்தி கூடாது. ஆயிரம் லிட்டரில் ஒரு லிட்டராகக் கலக்கும் பொருள், தானே எரிந்து பத்து சதவீதத்தை எப்படித் தரும்? நாசில் அடைபட்டு ஏற்கெனவே மைலேஜ் குறைந்த வண்டியில், டிடர்ஜென்ட் வகை அடிட்டிவ் அடைப்பை எடுத்து, போனதைத் திருப்பித் தரலாம். அதற்கும் ஒரு டேங்க் போதாது, பல டேங்க் ஆகும்.

லாரியில் கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை. டூ ஸ்ட்ரோக் ஆயில் வேண்டாம். டிபிஎஃபில் சேரும் கரி, சூடேற்றி எரிக்கும்போது போய்விடும். ஆயிலில் உள்ள உலோகப் பொருள்கள் விடும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். இரும்பு, மாங்கனீசு என்று உலோகம் கலந்த அடிட்டிவும் அதே காரணத்தால் வேண்டாம், வண்டியின் கையேடு சொன்னால் ஒழிய. மண்ணெண்ணெய் டீசலைவிட மெலிது, வழுக்காது. 2,000 பார் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்புக்கு அது நல்லதல்ல. உங்கள் டிராக்டர் நாசில் திறப்பது சுமார் 200 பாரில், அந்த வண்டி பொறுத்துக்கொண்டதை லாரி பொறுத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் கலக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள், தீப்பிடிக்கும் வெப்பநிலை அடியோடு இறங்கிவிடும்.

கேனில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதுங்களேன்.

நெடுஞ்சாலை:

பம்ப்பெஞ்ச் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு என் கணக்கு நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் டேங்கை முழுக்க நிரப்பி, லிட்டரும் கிலோமீட்டரும் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அடிட்டிவ் ஊற்றிய 18 டேங்கையும் ஊற்றாத 18 டேங்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். பாரம் ஏற்றிய நாளும் காலியாகத் திரும்பிய நாளும்தான் வித்தியாசம் காட்டுகின்றன. அடிட்டிவ் கணக்கில் எதுவும் பிரிந்து தெரியவில்லை. முதலில் "தாராளமாக ஊற்றுங்கள்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்று மட்டும் என் அனுபவத்தில் உறுதி. பனி விழும் மலைச்சாலையில் சரக்கு ஏற்றிப் போவேன். குளிரில் டீசலில் உள்ள மெழுகு பிரிந்து, வெண்மையாக மங்கி, ஃபில்டரை அடைக்கும். ஒரு விடியற்காலையில் வண்டி நின்ற பிறகு உறைவுத் தடுப்பு மருந்தை வாங்கி ஊற்றினேன். ஒரு பயனும் இல்லை. வெயில் ஏறி ஃபில்டர் சூடாகும் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த மருந்து உறைந்த மெழுகைக் கரைக்காது, உறையும் முன் கலந்தால் மெழுகுத் துகள்களைப் பெரிதாகாமல் தடுக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து மலை ஏறும் முன், டீசல் இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போதே ஊற்றி, அதன்மேல் டீசல் நிரப்பிக் கலக்கவிடுகிறேன். அதன்பிறகு ஒரு முறைகூட நிற்கவில்லை.

ஏர்முனை:

கேனில் "சீட்டேன், டிடர்ஜென்ட், ஈரம் கலைக்கும்" என்று இருக்கிறது. பிரிக்குமா கலக்குமா என்று இல்லை. டிபிஎஃப் வண்டிக்கு ஏற்றதா என்றும் இல்லை.

டேங்கை மூன்று நாளுக்கு முன் கழற்றினேன். உறிஞ்சு குழாயின் வலையில் கட்டைவிரல் அளவுக்கு அந்த ஏடு சுருண்டு உட்கார்ந்திருந்தது. மூடியின் ரப்பர் ஓரிடத்தில் வெடித்திருந்தது, தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் உள்ளே சொட்டுகிறது. கழுவி, வெயிலில் காய வைத்து, ஹோஸ்களைப் புதிதாகப் போட்டு, புது டீசலில் பயோசைடு கலந்து ஒரு நாள் விட்டு எடுத்தேன். இன்று ரோட்டவேட்டரோடு ஆறு மணி நேரம் நிற்காமல் ஓட்டினேன். ஒரே இழுவை. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

காலை வெள்ளைப் புகை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்காவது இந்தக் கேனை ஊற்றலாமா?

பம்ப்பெஞ்ச்:

மகிழ்ச்சி தம்பி. எதைச் செய்யும் என்று தெளிவாக எழுதாத கேனை எதிலும் ஊற்ற வேண்டாம், லாரியில் நிச்சயமாக வேண்டாம். விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

புகைக்கு நாசில் மூன்றையும் கழற்றி பாப் டெஸ்ட் (கைப்பம்பால் அழுத்தித் தெளிப்பைப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். பனிபோலத் தெளிக்க வேண்டும், அடித்து நின்றபின் நுனி உலர்ந்திருக்க வேண்டும். சொட்டு தொங்கினால் அதுதான் புகை. மூன்றும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) பாருங்கள்.

ஏர்முனை:

பார்த்தாயிற்று ஐயா. இரண்டாவது நாசிலின் நுனியில் சொட்டு தொங்கியது. மற்ற இரண்டும் உலர்ந்துதான் இருந்தன. நாசில் மாற்றி இன்று நான்காவது காலை, புகை அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. சீசன் முடிந்து நிறுத்தும்போது டேங்கை வாய் வரை நிரப்பி, புது ரப்பர் மூடி போட்டு நிறுத்துவேன். ஜாடி கொட்டகைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது.